வேலிக்கு வெளியே ஒரு வண்டிப்பாதை: அணுமின் நிலையத்தைச் சுற்றிய நிலத்தை எப்படி அடைப்பது?

கடலூர்க் கரையில் அணுமின் நிலையம் கட்டப்போவதாக எந்த அறிவிப்பும் இல்லை. வதந்தி கிளப்புகிறான் என்று யாரும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாயங்காலம் நடக்கிற எங்கள் கூட்டத்தில் ஒருநாள் கல்பாக்கம் பற்றிப் பேச்சு வந்தது. இங்கிருந்து வண்டியில் இரண்டு மணி நேரப் பயணம்தானே. "அது மாதிரி ஒண்ணு இங்க வந்தா நாம எங்க சார் நடக்கிறது?" என்றார் ஒருவர். மற்றவர்கள் கதிர்வீச்சு, புற்றுநோய் என்று பேசத் தொடங்கினார்கள். எனக்கு அதில் ஞானம் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்டது: சுற்றியுள்ள நிலத்தில் யார் கால் வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்பதை எந்தக் காகிதம் தீர்மானிக்கிறது?

உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை 2011, 2012இல் கூடங்குளம் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மக்கள் நாட்டுக்கு முன்னால் வைத்தார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்துவிட்டது. அதற்குள் நான் போகவில்லை. வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள நிலத்தை அடைக்க என்னென்ன வழி இருக்கிறது, எதில் ஊருக்கு என்ன மிஞ்சும் என்று மட்டும் பார்க்கிறேன்.

கயிறு கட்டி ஒரு வட்டம்

உலையின் நடுவில் குச்சி நட்டு, கயிறு கட்டி வட்டம் போடுவதுதான் முதல் வேலை. நம் நாட்டுப் பழைய நிலையங்களுக்கு அந்த உள்வட்டம் 1.6 கிலோமீட்டர் ஆரம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் புதிய விதித்தொகுப்பு குறைந்தது 1 கிலோமீட்டர் என்கிறது. இதற்குள் பொதுமக்கள் குடியிருக்கக் கூடாது. வேலி போட்டு நிலைய நிர்வாகமே ஆளும். இதை விலக்கு வட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எல்லையில் நிற்கும் ஒருவருக்கு, அங்குள்ள எல்லா உலைகளையும் சேர்த்து, வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு போகக் கூடாது என்பது கணக்கு. அதற்கு வெளியே 5 கிலோமீட்டர் வரை இன்னொரு வளையம். அங்கே இருக்கிற ஊர் இருக்கலாம், பிள்ளை குட்டி பெருகலாம், ஆனால் புதிதாக ஆட்களைக் கொண்டுவந்து குவிக்கிற தொழிற்சாலை, நகர் என்று எதுவும் வரக் கூடாது. 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம்.

கடற்கரையில் உலை வைத்தால் வட்டம் பாதிதான் நிலத்தில் விழும். 1 கிலோமீட்டர் ஆரம் என்றால் சுமார் 388 ஏக்கர். 1.6 கிலோமீட்டர் என்றால் 993 ஏக்கர். ஆரத்தை அரை கிலோமீட்டர் சொச்சம் கூட்டினால் நிலம் இரண்டரை மடங்கு ஆகிறது. ஏக்கர் கணக்கைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கரை நீளத்தை யாரும் அளப்பதில்லை. முதல் வட்டத்தில் 2 கிலோமீட்டர் மணல், இரண்டாவதில் 3.2 கிலோமீட்டர் மணல் உள்ளே போகிறது. நம் கரையில் குப்பத்துக்குக் குப்பம் இடைவெளி எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

புள்ளியை எந்த ஊரில் வைத்தேன் என்று சொல்லமாட்டேன். பெயர் சொன்னால் நாளைக்கே அங்கே மனை விலை பேச ஆள் வந்துவிடுவான். ஆனாலும் ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. 1990இல் வந்த பழைய விதித்தொகுப்பு, 30 கிலோமீட்டருக்குள் 1 லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர் இருக்கக் கூடாது என்று விரும்பியது. 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரத்தில் மட்டும் 1,73,636 பேர். வடக்கே போனால் புதுச்சேரி. அந்தக் கோடு போட்டால் இந்த மாவட்டக் கரையில் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே கொஞ்சம்தான் தப்பும். அங்கே இருப்பது பிச்சாவரம் அலையாத்திக் காடு. கணக்குக்காகவும் இங்கே உலை வைப்பது சிரமம்தான் என்பது ஒருவகையில் நிம்மதி.

முதல் வழி: எல்லாவற்றையும் வாங்கி அடைத்துவிடுவது

அதிகாரிகளுக்குப் பிடித்தது இதுதான், அதற்கு நியாயமும் உண்டு. விபத்து என்று மணி அடித்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்க விதியின் அடிப்படையும் இதுவே: விலக்கு வட்டத்துக்குள் நடக்கிற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அதிகாரம், ஆளையும் பொருளையும் வெளியேற்றும் அதிகாரம் உட்பட, உரிமம் பெற்றவர் கையில் இருக்க வேண்டும். நிலம் தன்னுடையதாக இருந்தால் அந்த அதிகாரத்தில் சந்தேகமே வராது. பட்டாதாரருக்கும் இது மோசமில்லை. காசு கையில் வரும், பிரச்சினை முடியும்.

பட்டா இல்லாதவருக்குத்தான் சிக்கல். அதைச் சொல்ல என் தொழிலுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

கிராமத்தில் ஒரு பாதை இரண்டு விதமாக உயிர்வாழும். ஒன்று, புல வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு விழுந்து, கிராமக் கணக்கில் புறம்போக்காக ஏறியிருக்கும். இன்னொன்று, யாரோ ஒருவருடைய சவுக்குத் தோப்புக்கு நடுவே, மல்லாட்டைக் கொல்லை வரப்போரமாக, தலைமுறையாக ஊர் நடந்து நடந்து உண்டான தடம். இந்த இரண்டாவது வகைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15வது பிரிவுப்படி, தனியார் நிலத்தில் 20 வருஷம் யாரும் தடுக்காமல், ஒளிவு மறைவில்லாமல், உரிமையாக நடந்திருந்தால் அது அனுபவப் பாத்தியம் ஆகிவிடும். அரசு நிலத்தில் 30 வருஷம்.

இப்போது அந்த நிலத்தை அரசு எடுக்கிறது. 1894ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டத்தின் வாசகம் என்ன? சகல வில்லங்கமும் நீங்கி நிலம் அரசிடம் சேரும். தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்திலும் அதே வாசகம்தான். வில்லங்கம் என்றதும் நாம் அடமானத்தை நினைப்போம். ஊர் நடந்த பாதையும் அந்த நிலத்தின் மேல் ஒரு வில்லங்கம்தான். நிலம் அரசிடம் சேர்ந்த நிமிஷம் பாதை செத்துவிட்டது. பட்டாதாரர் காசு வாங்குவார். அவர் தோப்பு வழியாக நாற்பது வருஷம் கூடை தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போன கிழவிக்கு அப்படி ஒரு நிலம் எடுக்கப்பட்டதே தெரியாது.

2013 நில எடுப்புச் சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்தது. மூன்று வருஷமாக அந்த நிலத்தையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைத்த கூலியாள், குத்தகைதாரர், மீனவர் எல்லாரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் கொண்டது. ஆனால் அதன் நான்காம் அட்டவணையில் விலக்குப் பெற்ற சட்டங்களில் 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமும் இடம்பிடித்தது. இழப்பீட்டு, மறுவாழ்வு விதிகள் 2015 முதல் அந்தச் சட்டங்களுக்கும் நீட்டப்பட்டன. யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று ஊருக்குள் வந்து விசாரிக்கிற சமூகத் தாக்க மதிப்பீடு நீட்டப்படவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காசு எவ்வளவு என்பது பிறகு. யாருக்கு என்ன வழக்கம் இருந்தது என்று எழுதி வைக்கிற ஒரே சந்தர்ப்பம் அந்த விசாரணை.

வாங்கி அடைப்பதில் இன்னொரு கோளாறு, வாங்குவது ஒரு காலம், அடைப்பது ஒரு காலம் என்பது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷம் முன்பே எடுத்தது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்பது கால்வாய் வெட்டிய என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்தின் கட்சி. எடுத்தவர் வேலி போடவில்லை, உழுதவர் நிறுத்தவில்லை. அணுமின் நிலையத்துக்கு எடுத்துவிட்டுப் பத்து வருஷம் சும்மா விட்டால் அங்கேயும் மாடு மேயும், வலை காயும். பிறகு ஒருநாள் கம்பி போடும்போது அடி விழும்.

சரி, வேலியும் போட்டாயிற்று என்று வைப்போம். கரைவலைக்காரர் என்ன செய்வார்? ஃபைபர் படகுக்காரர் டீசல் கூடப் போட்டுச் சுற்றிக்கொண்டு போவார். கரைவலை அப்படியில்லை. கயிற்றின் இரண்டு முனையையும் மணலில் நின்று ஆள் இழுக்க வேண்டும். மணலை மூடினால் அந்தத் தொழிலே மூடியது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் கிள்ளைக் கரைக்கு வருகிறார், வழியில் முஸ்லிம்களும் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். அப்படிப்பட்ட தடத்தை எந்த இழப்பீட்டுத் தலைப்பில் எழுதுவது?

2004 டிசம்பர் 26ஐயும் நினைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கரையில் இருந்தவர்கள் மேற்கே ஓடினார்கள். எந்தச் சந்து கிடைத்ததோ அதில். மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் நின்றிருந்தால்? உள்ளே வருகிறவனைத் தடுக்கிற சுவர், கடலிலிருந்து ஓடி வருகிறவனையும் தடுக்கும். வரைபட மேஜையில் இது கண்ணில் படாது.

இரண்டாவது: வாங்காமல் தடை மட்டும் எழுதுவது

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். ஆனால் இன்னது செய்யக் கூடாது என்று அரசாணை வரும். கூடங்குளத்துக்காக 1991 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 2 முதல் 5 கிலோமீட்டர் வளையத்துக்கு இப்படித்தான் ஓர் ஆணை போட்டது. வெளி வளையத்துக்கு இதைவிட்டால் நடைமுறையில் வழியில்லை. கரையில் 5 கிலோமீட்டர் அரைவட்டம் என்றால் 9,700 ஏக்கர். அவ்வளவையும் யார் வாங்குவார்?

நடமாட்டத்தைப் பொறுத்தவரை இது சுதந்திரமானது. பாதை அப்படியே, கரை அப்படியே. ஆனால் உள்வட்டத்துக்கு இது உதவாது, ஏனென்றால் அங்கே குடியிருப்பே கூடாது. நியாயம் என்று பார்த்தாலும் எனக்கு உறுத்தல் உண்டு. எடுக்காத நிலத்துக்கு எடுப்பு இழப்பீடு இல்லை. நிலம் உன்னுடையது, அதன் எதிர்காலம் உன்னுடையதில்லை என்கிற நிலைமை. வாங்கி அடைப்பதில் இருக்கிற முகத்துக்கு நேரான நேர்மைகூட இதில் கிடையாது. அதைவிட, ஆணை போட்டது மேலே ஓர் அலுவலகத்தில். வீட்டுக்கு அனுமதி கொடுப்பது கீழே ஊராட்சியில். முன்னது பின்னதற்குத் தெரியாமல் முப்பது வருஷம் ஓடிவிடும். வில்லங்கச் சான்று போட்டாலும் அந்தத் தடை அதில் தெரியாது. வெளியூர்க்காரன் மனை வாங்கி மாட்டிக்கொள்வான்.

மூன்றாவது: வாங்கிவிட்டு, வழியை விட்டுவைப்பது

இப்படியும் நடக்கிறதா என்று எங்கள் நடைக் கூட்டத்தில் நம்பவே மறுத்தார்கள். நடக்கிறது. இங்கிலாந்தில் சைஸ்வெல் பி நிலையத்துக்கு முன்னால் கடற்கரை பொதுமக்களுக்குத் திறந்தே கிடக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அமெரிக்க விதியே விலக்கு வட்டத்துக்குள் நெடுஞ்சாலை, ரயில் பாதை, நீர்வழி ஆகியவை போகலாம் என்கிறது. நிபந்தனை இரண்டு: நிலைய இயக்கத்துக்கு இடைஞ்சலாக உலையை ஒட்டிப் போகக் கூடாது, விபத்து நேரத்தில் போக்குவரத்தை நிறுத்த முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். கலிபோர்னியாவில், 2013இல் மூடப்பட்ட சான் ஒனோஃப்ரே நிலையத்தின் இரண்டு பக்கமும் மாநிலப் பொதுக் கடற்கரை. அங்கே அலை ஏறி இறங்குகிற மணல் பொதுமக்களுடையது. அந்தத் துண்டின் மேல் மின் நிறுவனத்துக்கு என்ன அதிகாரம் என்று 1970களில் உரிம விசாரணையிலேயே வாதம் நடந்தது. அதே மாநிலத்தில் டயாப்லோ கேன்யன் நிலையத்து நிலத்தில் இன்னொரு ஏற்பாடு: மலையோரக் கடற்பாதையில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு நடக்கலாம்.

இந்த இரண்டு நடைமுறைக்கும் வித்தியாசம் பெரியது. முன்னது உரிமை, பின்னது சலுகை. உல்லாசமாக நடக்க வருகிறவருக்கு முன்பதிவு பரவாயில்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று பார்த்துக் கடலுக்குப் போகிறவர் யாரிடம் முன்பதிவு செய்வார்?

பழக்கமான மீனவத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னேன். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்: "சார், தாள்ல வழின்னு எழுதிடுவாங்க. கேட்டுல சங்கிலி போட்டுட்டா அந்தத் தாளை எடுத்துக்கிட்டு நான் எந்த ஆபீசுக்குப் போறது? அதுக்குள்ள அன்னிக்கு மீன்பாடு போயிடும்."

அவர் சொல்வது சரி. இந்த வழியின் பலவீனம் முழுவதும் அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு எதிராக ஊர்க்காரர் எதுவும் பேச முடியாது. 'தற்காலிகமாக' மூடிய கதவுகள் என் பணிக்காலத்தில் நான் பார்த்தவை பல, திறந்தவை குறைவு. பாதுகாப்புப் படையினர் பக்கமும் நியாயம் இருக்கிறது. திருவிழா நாளில் ஆயிரக்கணக்கான பேர் அந்த மணலில் நின்றால், அவசரத்தில் காலி செய்ய எவ்வளவு நேரம்? அமெரிக்கக் கணக்கு, விபத்து தொடங்கி இரண்டு மணி நேரம் எல்லையில் நின்றவருக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்பதை வைத்துத்தான் வட்டத்தின் அளவையே தீர்மானிக்கிறது. எல்லைக்கு உள்ளே ஆள் இருந்தால், அவர்களை அதைவிட வேகமாக வெளியேற்றிக் காட்ட வேண்டும்.

வட்டத்தையே சுருக்கிவிடலாமே என்ற நான்காவது யோசனையும் உண்டு. 1.6இலிருந்து 1 ஆனதுபோல இன்னும் குறைக்கலாம், சின்ன உலைகள் வந்தால் தேவையே இருக்காது என்கிறார்கள். ஏக்கர் குறையும், நல்லதுதான். ஆனால் குறுகிய வட்டத்திலும் பாதை இருந்தால் பாதை போகும். கேள்வி அப்படியே இருக்கும்.

என் கணக்கு

வெளி வளையத்துக்கு இரண்டாவது வழியே போதும், ஆனால் தடை ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே கிராமக் கணக்கிலும் வில்லங்கச் சான்றிலும் ஏற வேண்டும். உள்வட்டத்துக்கு நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன், தம்பி சொன்ன சங்கிலிக்கு முதலில் பூட்டுப் போட்டுவிட்டு. அதாவது வழியை நிலைய நிர்வாகம் தருகிற அனுமதியாக எழுதக் கூடாது. நிலம் எடுக்கும்போதே அந்தக் கீற்றை எடுப்பிலிருந்து கழித்துவிட வேண்டும். உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் ஒரு துண்டு. கிழக்கு மேற்காக மதிலின் இரண்டு ஓரத்திலும் சுனாமிக்கு ஓட ஒவ்வொரு வண்டிப்பாதை. மூன்றுக்கும் தனி உட்பிரிவு எண் போட்டு, புறம்போக்காகவே வைத்து, எல்லைக்கல் நட்டுவிட வேண்டும். 20 அடி அகலம் என்றால் 1 கிலோமீட்டர் பாதைக்கு ஒன்றரை ஏக்கர் வரும். 388 ஏக்கரில் அது எந்த மூலைக்கு?

மூட வேண்டிய நேரம் வரும். மூடட்டும். மூடிய நாள், மணி, காரணம், திறந்த மணி என்று ஒரு பதிவேடு, அதன் நகல் ஊர்ப் பஞ்சாயத்தில். பயிற்சி நாள் எது, திருவிழா நாள் எது என்று வருஷத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசிவிட்டால் மாசி மகத்தன்று கதவடைப்பு என்ற கூத்து நடக்காது. உலையை ஒட்டிய சில நூறு மீட்டர் மணலை முழுக்க அடைத்தே ஆக வேண்டும் என்று படையினர் சொன்னால் அதற்கு நான் மறுப்புச் சொல்லமாட்டேன். அப்போது அந்த இடத்துக் கரைவலைப் பங்குகாரர்கள் பெயரை எழுதி, தொழில் இழப்பாகக் காசு கொடுத்துவிட்டு அடைக்கட்டும்.

இதைச் சொன்ன மறுநாள், எங்கள் கூட்டத்து நண்பர் ஒருவர் தம் ஊர்ப் புல வரைபடத்தை இணையத்தில் இறக்கி, அச்செடுத்துக்கொண்டு வந்தார். பரங்கிப்பேட்டைப் பக்கம் அவர் ஊர். தாத்தா காலத்திலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற பாதையைக் காட்டச் சொன்னார். தேடினேன். சவுக்குத் தோப்பு இருக்கிற புலம் நடுவில் வெள்ளையாகக் கிடந்தது. பாதை ஏறவே இல்லை. பையிலிருந்த பென்சிலை எடுத்து அவர் சொல்லச் சொல்ல, அந்தத் தோப்பின் குறுக்கே புள்ளிக் கோடு போட்டுக் கொடுத்தேன். எழுபது வயசுக்கு மேற்பட்ட இரண்டு பேர் ஊரில் இருந்தால், அந்தப் பாதையில் எத்தனை வருஷமாக நடக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, இதோடு வைத்துத் தாசில்தாருக்கு மனுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மனுநீதி நாளில் கொடுப்பதாகச் சொல்லிப் போனார்.